புதுப்பித்த கடைக்கு என்ன வாடகை?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஆலிம் பெருமக்கள் எழுதுவார்கள். நான் ஆலிமல்லன். மாலை நேர மதரஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் ஆறு வகுப்புகள் படித்ததும், பிறகு கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும்தான் என் கல்வி. ஆயினும் வாடகை விஷயமாகச் சென்ற ஆண்டு எனக்கு ஏற்பட்ட ஒரு சங்கடமும், அதன் பொருட்டு ஹஜ்ரத் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட மஸ்அலாக்களும் நம்மவர் பலருக்குப் பயன்படும் என்று செயலாளர் வற்புறுத்தியதால் எழுதத் துணிந்தேன். பிழையிருந்தால் அது என்னுடையது. சரியாயிருந்தால் ஹஜ்ரத் அவர்கள் சொல்லித் தந்தது.

நம்மில் பாதிப் பேர் வாடகை கொடுப்பவர்கள், பாதிப் பேர் வாடகை வாங்குபவர்கள். இரண்டும் செய்கிறவர்களும் உண்டு. நானும் அந்த மூன்றாம் வகையில் சேர்ந்தவன். மளிகைக் கடை நடத்துவது வாடகை இடத்தில். என் பெயரிலும் என் தம்பி பெயரிலும் இருக்கும் பழைய கடைவீடு ஒன்றைப் பிறருக்கு விட்டிருக்கிறோம். ஆகவே ஒரே மாதத்தின் முதல் வாரத்தில் ஒருவரிடம் போய்த் தவணை கேட்டு நிற்பேன். மறு நாள் என்னிடம் ஒருவர் வந்து தவணை கேட்டு நிற்பார். அவரவர் பேச்சு அந்தந்த இடத்தில் எப்படி மாறுகிறது என்பதை நான் நன்றாகவே பார்த்திருக்கிறேன், சகோதரர்களே!

முதலில் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இளைஞர்களுக்கு விளங்காது.

ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகள் ஈயத்தின் பணத்தில் எழும்பியவை. நம்மவர்களும் அந்தக் காலத்திலேயே வந்து கடை போட்டவர்கள்தாம். ஈப்போ பாடாங்குக்கு அருகே 1908ஆம் ஆண்டு ஷெய்கு ஆதம் என்ற நம் சமூகத்து வியாபாரி எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நின்று அதற்குச் சாட்சி சொல்கிறது. 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈயத்தின் விலை விழுந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் வரிசையாக மூடின. பழைய நகரத்தின் பல கடைகளுக்கும் பூட்டுப் போடப்பட்டது. கதவுப் பலகையில் செடி முளைத்த கடைகளை நான் சிறு பையனாக இருக்கையில் பார்த்திருக்கிறேன்.

அத்துடன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம். 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டம்போல் ஏற்ற முடியாது. குடியிருப்பவரை இஷ்டம்போல் கிளப்பவும் முடியாது. எங்கள் அத்தா ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்து அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் கடை வைத்திருந்தார்கள். மாத வாடகை நூற்றெண்பது வெள்ளி. அந்த வாடகையில்தான் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார்கள்.

இந்தச் சட்டத்தினால் ஏழைகளுக்கு நன்மை மட்டுமே விளைந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வருகிற வாடகை ஓட்டை மாற்றவும் போதாததால் கட்டடச் சொந்தக்காரர் கூரையை எட்டிப் பார்ப்பதில்லை. மழை பெய்தால் அத்தா அரிசி மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போடுவார்கள். இன்னொரு பக்கம், சொந்தக்காரரிடம் சொற்ப வாடகைக்கு எடுத்த தலைமைக் குடியிருப்பாளர் மேல்மாடியைப் பலகை அடித்துச் சிறு சிறு அறைகளாக்கி, ஆளுக்கு ஒரு தொகை என்று உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்ததும் உண்டு. கடை கை மாறும்போது காப்பிக் காசு என்றும் தேநீர்ப் பணம் என்றும் பெரும் தொகைகள் இரகசியமாகக் கை மாறின. குறைந்த வாடகையின் பலன் ஏழைக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றவர் பையில் விழுந்தது. நம்மவரில் சிலரும் அந்த நடு ஆளாக இருந்தவர்களே. இதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, மறைப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

1997ஆம் ஆண்டு அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 31 வரை தவணை. 2000ஆம் ஆண்டு பிறந்தவுடன் பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பழைய கட்டடங்களின் வாடகை கட்டவிழ்ந்தது. எங்கள் அத்தாவுக்கு வந்த கடிதத்தில் தொள்ளாயிரம் வெள்ளி என்று எழுதியிருந்தது. நூற்றெண்பது எங்கே, தொள்ளாயிரம் எங்கே! அத்தா அந்தக் கடிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு லுஹர் தொழப் போனார்கள். திரும்பி வந்து, "இடம் அவருடையது, கேட்க அவருக்கு உரிமையுண்டு, ஆனால் முப்பத்திரண்டு வருஷத்துக்கு ஒரு மாதத் தவணையா?" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். பிறகு சிலிபின் பக்கம் ஒரு சிறு கடைக்கு மாறினோம். வாடிக்கை பின்னோடு வரவில்லை. அத்தா வஃபாத்தாகும் வரை பழைய நகரத்து வழியாக நடந்து போனதில்லை.

இதை நான் மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிற்க. அதன்பின் காலம் மறுபடியும் திரும்பிற்று. பழைய கட்டடங்களில் காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் முளைத்தன. 2014ஆம் ஆண்டு லித்துவேனிய ஓவியர் ஒருவர் வந்து பழைய நகரத்துச் சுவர்களில் பெரிய பெரிய படங்களை வரைந்து போனார். 2016ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பிரயாணப் புத்தகக்காரர்கள் ஆசியாவில் பார்க்கத்தக்க இடங்களில் ஒன்றாக ஈப்போவைச் சேர்த்தார்கள். பங்ளிமா சந்தில் சனி ஞாயிறுகளில் நடக்க இடமில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபின் அங்கே நடந்தது இங்கேயும் சிறிய அளவில் நடந்தது. செடி முளைத்த கதவுகளுக்குச் சாயம் பூசப்பட்டது. சாயம் பூசிய கதவுக்கு வாடகையும் ஏறிற்று.

நானும் தம்பியும் வாங்கியிருந்த கடைவீட்டைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி செலவு. கீழே இரண்டு கடைகள், மேலே இரண்டு குடியிருப்புகள். நான்கில் மூன்று காலி. நான்காவதில், அதாவது கீழ்த்தளத்தின் பின்பக்கக் கடையில், நாங்கள் வாங்குவதற்கு முன்பிருந்தே ஒரு தையற்காரர் இருக்கிறார். வேலை நடந்த நாலு மாதமும் இயந்திரத்தை ஐந்தடிப் பாதையில் போட்டுத் தைத்தார். அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டபோது வேலையோடு வீடும் போயிற்று. லயத்து வீடு என்பது வேலைக்கு ஒட்டிய வீடல்லவா? 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுப் போனபோது அப்படித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைக் கண்டுதான் அந்தச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாட்டாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். பிற்காலத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்து மீதித் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டன. நம் தையற்காரரின் தோட்டம் அப்படிப் போனது. அவர் ஈப்போவுக்கு வந்து தையல் கற்றார்.

அவர் கொடுத்து வந்த வாடகை நானூற்றைம்பது. நான் அவரிடம் போய் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வாடகை வாங்குவது ஹலாலான சம்பாத்தியம். இதில் சந்தேகமில்லை. திருமக்கா நகரத்து வீடுகளை வாடகைக்கு விடலாமா என்பதிலேதான் இமாம்களுக்குள் பேச்சு இருந்தது. ஹாஜிகள் வந்து தங்குகிற ஊராயிற்றே என்பது ஒரு சாராரின் கவலை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மக்காவிலேயே இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களோடு இதுபற்றி வாதித்து, அங்கும் வீடு சொந்தக்காரனுடையதே, வாடகைக்கு விடலாம் என்று நிலைநாட்டினார்கள். மக்காவுக்கே கூடுமென்றால் ஈப்போவுக்குக் கேட்பானேன்?

குர்ஆன் ஷரீபில் சூரத்துல் கஸஸில் மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் எட்டு வருஷக் கூலிக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட வரலாறு வருகிறது. அந்தப் பெரியவரை ஷுஐப் நபி (அலை) என்றே பல முஃபஸ்ஸிரீன்கள் சொல்வார்கள். காலம் எட்டு வருஷம், விரும்பினால் பத்து, பிரதி இன்னது என்று எல்லாம் முன்கூட்டியே பேசப்பட்டது. அதோடு அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொல்கிறார்: உமக்குக் கஷ்டம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை என்று. இத்தனைக்கும் மூஸா நபி அன்று ஊர் பேர் இல்லாமல் ஓடி வந்து மர நிழலில் உட்கார்ந்திருந்தவர். எந்த நிபந்தனை போட்டாலும் ஒப்புக்கொள்ளக்கூடிய நிலை. அப்படிப்பட்டவரிடம் அந்தப் பெரியவர் இப்படிப் பேசியிருக்கிறார். ஒப்பந்தம் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை நிர்ணயம். மதீனாவில் விலைவாசி ஏறியபோது ஸஹாபாக்கள், நாயகமே, தாங்களே விலையை நிர்ணயித்து விடுங்கள் என்று கேட்டார்கள். விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்று கூறி ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. நம் கட்டடச் சொந்தக்காரர்களுக்கு இந்த ஹதீஸ் மிகவும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். தம்பியிடம் இதைச் சொல்லித்தான் வாடகையை நான் ஏற்றினேன். "அண்ணே, மார்க்கத்திலேயே விலைக்கு வரம்பு இல்லையாமே" என்று அவனும் சந்தோஷப்பட்டான்.

ஹஜ்ரத் அவர்களிடம் போய் இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்துவிட்டு, "பாதி ஹதீஸைச் சொல்கிறீரே பாய், மீதி எங்கே?" என்றார்கள். மீதி இதுதான்: இரத்தத்திலோ பொருளிலோ நான் அநியாயம் செய்ததாக உங்களில் எவரும் என்மீது வழக்குச் சொல்லாத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புகிறேன் என்பது நாயகத்தின் கருத்து. விலையைக் கட்டாயப்படுத்தி இறக்கினால் விற்பவனுக்கு அநியாயமாகி விடுமோ என்று பயந்த அந்தத் திருநபி, வாங்குபவனுக்கு அநியாயம் செய்யவா நமக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தந்திருப்பார்கள்?

அடுத்து, புதுப்பித்த இடத்திற்கு எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வி. இங்கேதான் நம் பழைய கிதாபுகளில் இருக்கும் நுணுக்கத்தைக் கண்டு நான் ஆச்சரியப்பட்டேன். இதெல்லாம் ஒட்டகம், கூடாரம் காலத்துச் சட்டங்கள் என்று எண்ணுகிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் அத்தா ஹனஃபி. நான் இந்நாட்டில் ஓதியது ஷாஃபிஈ. இரண்டிலும் கேட்டேன். ஹனஃபி மத்ஹபில் ஒருவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தாம் கொடுப்பதைவிட அதிகத்துக்கு உள்வாடகை விட்டால் அந்த மிகுதி அவருக்கு நல்ல பணமல்ல, தருமம் செய்துவிட வேண்டும். ஆனால் வீட்டில் அவர் ஏதேனும் கூட்டிச் சேர்த்திருந்தால், சாந்து பூசியது போன்ற வேலை செய்திருந்தால், மிகுதி ஆகும் என்கிறார்கள். வெறுமே குப்பை கூட்டியது கூடுதல் வேலை ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்! ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வளவு கண்டிப்பு இல்லை, உள்வாடகை லாபம் கூடும். நான் கட்டடச் சொந்தக்காரன், உள்வாடகைக்காரனல்ல. ஆகவே இந்தச் சட்டம் நேராக என்னைப் பிடிக்காது. ஆனாலும் அதன் கருத்து என்னைப் பிடித்துக்கொண்டது. எதைச் சேர்த்தாய், எதைக் கூட்டித் தள்ளினாய் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது.

ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் வாடகை வீட்டு விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைக்கிறார்கள். சாவியை ஒப்படைப்பது வீட்டுக்காரர் கடமை. கட்டடத்தைச் செப்பனிடுவதும் அவர் பொறுப்பு. உடனே செய்து கொடுத்தால் சரி, இல்லையேல் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். கூரைமேல் விழுந்த பனியை அகற்றுவது வீட்டுக்காரர் வேலை. முற்றத்துக் குப்பை குடியிருப்பவர் வேலை. இமாம் அவர்கள் இருந்தது டமாஸ்கஸில், ஆகவே பனி. நமக்கு ஈப்போவில் பனிக்கு எங்கே போவது? மாலையானால் கொட்டுகிற மழைதான். ஓட்டுக்கூரை ஒழுகல், பீலி அடைப்பு எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இன்னொன்று. பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு, "நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள், அதுதான் வாடகை" என்று வாய்ப்பேச்சாக விடுகிற பழக்கம் நம்மிடையே நிறைய இருக்கிறது. ஷாஃபிஈயில் இது செல்லாது. செப்பனிட எவ்வளவு ஆகும் என்பது யாருக்கும் தெரியாதாகையால் வாடகை இன்னதென்று தெரியாமல் போகிறது. வழி என்னவென்றால், மாதம் இவ்வளவு என்று முதலில் தொகையை முடிவு செய்து, பிறகு அந்தத் தொகையிலிருந்து செலவழிக்க அனுமதி கொடுப்பது. பில்லை வைத்துக் கழித்துக்கொள்ளலாம். பத்தாயிரம் செலவழித்துக் கடையை அழகாக்கியவரை ஒரு வருஷத்தில் கிளப்பிவிட்டு, அழகாக்கிய கடையை அதிக வாடகைக்கு வேறொருவருக்கு விடுகிற திருவிளையாடல் இதனால் நின்றுபோகும். எழுத்தில் வைத்து முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். மூன்று வருஷத்துக்கு மேற்பட்டதானால் நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் இருந்தது, 1960ஆம் ஆண்டுச் சட்டம். நியாய வாடகை என்ற பெயரில் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் செலவையும் மனையின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பானால் வருஷத்துக்கு அதில் நூற்றுக்கு ஒன்பது, வியாபார இடமானால் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஒருமுறை நிர்ணயித்தபின் கட்டடத்தில் புதிதாக ஏதேனும் சேர்த்தாலன்றி ஏற்ற முடியாது. வழக்கமான பழுதுபார்ப்பு அந்தச் சேர்க்கையில் அடங்காது. 2017ஆம் ஆண்டு கொண்டுவந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததும் அந்தப் பழைய முறை போய், எழுத்து ஒப்பந்தப்படி வாடகை என்றாயிற்று. பழைய முறையில் கோளாறுகள் இல்லாமலில்லை. ஆனால் பழுதுபார்ப்பு வேறு, சேர்க்கை வேறு என்ற பாகுபாட்டைப் பாருங்கள். ஹனஃபி கிதாபில் பார்த்ததன் சாயல் அதில் தெரியவில்லையா?

இந்த வெளிச்சத்தில் என் கணக்கை எடுத்து வைத்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் எழுபதாயிரம் கூரை, உளுத்த விட்டம், பழைய மின்கம்பிகள், கால்வாய். இவை நான் எப்போதோ செய்திருக்க வேண்டியவை. இத்தனை வருஷம் செய்யாமல் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தவன் நான். இப்போது அதைச் செய்துவிட்டு, "பார், எவ்வளவு செலவழித்தேன்" என்று குடியிருப்பவரிடம் நீட்டினால் என்ன நியாயம்? மீதி ஐம்பதாயிரம்தான் சேர்க்கை: புதுக் கழிப்பறைகள், தரை ஓடு, முகப்பு, தடுப்புச் சுவர்கள். அதில் தையற்காரரின் பின்பக்கக் கடைக்கு விழுந்தது பன்னிரண்டாயிரம். பத்து வருஷத்தில் எடுப்பதானால் மாதத்துக்கு நூறு வெள்ளி.

சரி, பழைய வாடகையோடு நூறு சேர்த்து ஐந்நூற்றைம்பது என்று நிறுத்த வேண்டுமா? அதுவும் இல்லை என்றார்கள் ஹஜ்ரத். சந்தையை ஒதுக்கி வைக்க மார்க்கம் சொல்லவில்லை. உஜ்ரத்துல் மிஸ்ல் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதே மாதிரி இடத்துக்கு, அதே வட்டாரத்தில், அந்தக் காலத்தில், விவரம் தெரிந்தவர்கள் மனமொப்பிக் கொடுக்கிற வாடகை என்று பொருள். வக்ஃபுச் சொத்தை முதவல்லி இதற்குக் குறைத்து விடக்கூடாது. அது அவர் பணமல்ல, ஏழைகளின் பணம். உறவுக்காரருக்குப் பள்ளிவாசல் கடையைச் சல்லிக் காசுக்கு விட்டுத் தாராள மனசுக்காரர் என்று பேர் வாங்கினவர்களை நாம் அறிவோம். சொந்தச் சொத்தானால் குறைப்பது அவரவர் இஷ்டம், கூலியும் உண்டு.

எங்கள் வரிசையிலும் பின் வரிசையிலும் அதே அளவுள்ள ஐந்து பின்பக்கக் கடைகளை விசாரித்தேன். குறைந்தது அறுநூறு, அதிகபட்சம் எழுநூற்றைம்பது. முகப்புக் கடையின் கதை வேறு. அதற்குப் பினாங்கிலிருந்து ஒரு காப்பிக் கடைக்காரர் வந்து, தாமே கணக்குப் போட்டு, தாமே இரண்டாயிரத்து நானூறு என்றார். சுற்றுலாக்காரர்கள் நடக்கும் முகப்பு அது. அவருக்குக் கட்டுபடியாகும், எனக்கும் மனக்குறை இல்லை. வாங்கிக்கொண்டேன். இதில் பாவமில்லை என்று ஹஜ்ரத்தும் சொன்னார்கள். ஆனால் நான் செய்த காரியம், அந்த முகப்புக் கடை வாடகையை மனத்தில் வைத்துக்கொண்டு பின்பக்கக் கடைக்குப் போனது.

இனி அந்தப் பேச்சு. எழுதக் கை கூசுகிறது.

"அண்ணே, இந்த இடத்துக்கு ஆயிரத்து நூறு தருகிறேன் என்று ஒருத்தர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் பழைய ஆள், அதே தொகையை நீங்களே கொடுத்தால் உங்களுக்கே விட்டுவிடுகிறேன்" என்றேன். அப்படி ஒருவரும் வரவில்லை, சகோதரர்களே. கேட்கவுமில்லை. அவர் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு, "ஆயிரத்து நூறா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி தம்பி, இந்த வயதில் எங்கே போய் இயந்திரத்தைப் போடுவது?" என்றார். மூன்று மாதம் கொடுத்தும் விட்டார்.

இதை நான் ஹஜ்ரத்திடம் சொல்லப் போனதும் பாவமன்னிப்புக்காக அல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாடகை அதிகமா என்று கேட்டு, அதிகமில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். அவர்கள் எண்ணைப் பற்றிப் பேசவேயில்லை. "ஆயிரத்து நூறு கேட்டது ஹராமல்ல பாய். உம் சொத்து. தவணை முடிந்தால் இரண்டாயிரம் என்றும் சொல்லலாம், அவர் எழுந்து போகலாம். ஆனால் வராத ஆளை வந்தான் என்றீரே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்?" என்றார்கள்.

பிறகு புகாரி ஷரீபிலிருந்து ஒரு செய்தி சொன்னார்கள். அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அறிவிப்பது. ஒருவர் சந்தையில் சரக்கைப் பரப்பி வைத்து, இதற்கு இன்ன விலை கொடுப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது என்று, சொல்லப்படாத விலையைச் சத்தியம் செய்து சொன்னார். அதன் பொருட்டே ஆலஇம்ரான் சூராவில், அல்லாஹ்வின் உடன்படிக்கையையும் தம் சத்தியங்களையும் அற்ப விலைக்கு விற்பவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்ற கருத்துள்ள ஆயத்து இறங்கியது. நான் பிள்ளைப் பருவத்திலேயே மனனம் செய்த சூரா அது. அது ஒரு கடைக்காரனைப் பற்றி இறங்கியதென்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

"நான் சத்தியம் செய்யவில்லையே ஹஜ்ரத்" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் பதில் சொல்லவில்லை, தேநீர் ஊற்றினார்கள். வாங்குகிற எண்ணமில்லாமல் ஆளை வைத்து விலையை ஏற்றிக் கேட்கச் செய்வதற்கு நஜ்ஷ் என்று பெயர், நபியவர்கள் தடுத்தது. நான் ஆளைக்கூட வைக்கவில்லை. கூலி மிச்சம் பிடித்து நானே அந்த ஆளாகவும் இருந்துவிட்டேன்.

இன்னுமொரு விஷயம். என் மனத்தின் ஒரு மூலையில், அவர் நம்மவரில்லையே என்ற ஒரு குரல் இருந்ததா என்று ஹஜ்ரத் கேட்டார்கள். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்த இடத்தில் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் இருந்திருந்தால் அவரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டேன். ஜமாஅத்தில் தெரிந்துபோகும் என்ற பயம் இருந்திருக்கும். ஆகவே இல்லை என்று சொன்னதும் சரியில்லை. இந்நாட்டில் வாடகை வீடு தேடும்போது இந்தியருக்கு இல்லை என்ற பலகையையும் பதிலையும் நாமும் அவர்களும் ஒரே மாதிரி கேட்டு வந்திருக்கிறோம். தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்று வைத்தவர்கள் எனக்கே உண்டு.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அவர்களுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, அதுவே ஒரு தண்டனை. கேட்டு முடித்துவிட்டு, "உங்கள் அத்தாவுக்குத் தொள்ளாயிரம் என்று எழுதினவரும் பொய் சொல்லவில்லையே" என்றார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் தம்பியோடு உட்கார்ந்து பேசினேன். அவனுக்குச் சம்மதமில்லை. "கொடுத்தது கொடுத்ததுதானே, அவரும் சம்மதித்துத்தானே கொடுத்தார்?" என்றான். சம்மதம் என்றால் என்ன என்று நாங்கள் வெகு நேரம் வாதித்தோம். வியாபாரம் பரஸ்பர திருப்தியோடு இருக்க வேண்டும் என்று சூரத்துன் நிஸாவில் வருகிறது. இல்லாத ஒரு ஆளுக்குப் பயந்து கொடுத்த சம்மதம் எந்த வகைத் திருப்தி? நஜ்ஷினால் நடந்த பேரம் ஷாஃபிஈயில் செல்லும், செய்தவனுக்குப் பாவம். வேறு இமாம்களிடம் ஏமாந்தவருக்கு முறித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார்கள். தம்பி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பாதியைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவன் நானல்லவா? கடைசியில் அவன் பங்குக்கான தொகையையும் நானே போடுவதாகச் சொன்னதும் சும்மா இருந்தான்.

பின்பக்கக் கடைக்கு அறுநூற்றைம்பது என்று முடிவு செய்தேன். ஐந்து கடைகளின் அளவுக்குள் வருகிறது. நான் சேர்த்த வேலைக்கும் அதில் பலன் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு எழுத்து. அதன்பின் ஏற்றுவதானால் ஆறு மாதத் தவணை கொடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாசகம். அத்தா முப்பத்திரண்டு வருஷத்துக்கு ஒரு மாதத் தவணையா என்று கேட்டதற்கு நான் எழுதிய பதில் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக் குடியிருப்புகளுக்கும் அதே வாசகத்தைப் போட்டிருக்கிறேன். காப்பிக் கடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டுத் தமக்கும் வேண்டுமென்றார், அவருக்கும் போட்டேன்.

மூன்று மாதம் அதிகமாக வாங்கியது, மாதம் நானூற்றைம்பது வீதம், ஆயிரத்து முந்நூற்றைம்பது. உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் அவர் கடைக்குப் போனேன். வராத ஆளைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அழகாகச் சொல்ல வேண்டுமென்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போன வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை அண்ணே, நானாகத்தான் சொன்னேன்" என்று மட்டும் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பாஜுவின் கழுத்துப் பட்டியைத் தைத்து முடிக்கும் வரை இயந்திரத்தை நிறுத்தவில்லை. முடித்து, நூலைப் பல்லால் கடித்து, உறையை வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். சரியாக இருந்தது.

"எனக்கு அன்றைக்கே தெரியும் தம்பி. பின்பக்கத்துக்கு ஆயிரத்து நூறு யார் கொடுப்பார்?" என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, ஆயிரத்து முந்நூற்றைம்பது வெள்ளி திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையொப்பமிட்டு என்னிடம் கிழித்துக் கொடுத்தார்.